ஒன்பது விநாடி மௌனம்

அலுவலகத்தில் அவருக்குக் 'காது' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அது அங்கேயே பத்திரமாக இருக்கட்டும். "காது வந்தாச்சா?", "காதுக்கு டீ குடுத்தாச்சா?", "காது இன்னைக்கு லீவாம்" என்று வாய் கூசாமல் சொல்வார்கள். அவரும் கோபித்துக்கொண்டதில்லை. ஐம்பதை எட்டப்போகிற ஒல்லியான மனிதர். அவருடைய காது ஒன்றும் அப்படிப் பெரிதில்லை. பெயரைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்க்க வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

அவருடைய வேலை கேட்பது. அவ்வளவுதான். இதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும். நாட்டில் எத்தனை தாய்மார்கள் பிரசவத்தில் போகிறார்கள், எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று, ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் இருக்கிறாரா இல்லையா என்பதையெல்லாம் குளிரூட்டிய அறையில் கோட்டு போட்டவர்கள் ஒரே ஒரு எண்ணாகச் சொல்லிவிட்டு உட்காருவார்கள். அந்த எண் வானத்திலிருந்து குதித்ததில்லை ஐயா. யாரோ ஒருத்தி வெயிலில் நடந்து, நாய்க்குப் பயந்து, கதவைத் தட்டி, "உள்ள வரலாங்களா?" என்று கேட்டு, தரையில் உட்கார்ந்து எழுதி வந்தது. அவள் ஒழுங்காகத்தான் கேட்டாளா, இல்லை மரத்தடியில் உட்கார்ந்து தானே நிரப்பிவிட்டாளா? அதை யார் பார்ப்பது? அதற்குத்தான் காது.

கேள்வி கேட்கப் போகிற பெண்கள் கையில் ஆளுக்கொரு டேப்லெட் இருக்கும். வீட்டுக்காரர்களிடம் முதலிலேயே சம்மதம் வாங்கிவிடுவார்கள். பேட்டி நடக்கும்போது அந்தக் கருவி தனக்குத் தோன்றிய இடத்தில் இரண்டே இரண்டு நிமிடம் பதிவு செய்துகொள்ளும். எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்று கேட்கிறவளுக்கும் தெரியாது, பதில் சொல்கிறவருக்கும் தெரியாது. அந்த இரண்டு நிமிடம் இவர் காதுக்கு வரும். இவர் முன்னால் பதினொரு கட்டம் கொண்ட ஒரு படிவம். கேள்வியை எழுதியிருந்தபடியே கேட்டாளா, பதிலுக்குக் காத்திருந்தாளா, பதிலை எடுத்துக்கொடுக்காமல் இருந்தாளா... ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு போட வேண்டும். அப்புறம் அடுத்த பதிவு.

இதில் ஒரு கூத்து உண்டு. மனிதர் இளவயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த காலம். இந்தப் பக்கத்துக் கம்பியை எடுத்து அந்தப் பக்கத்துத் துளையில் செருகுவார். அங்கே சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: 'இணைத்துவிடு. கேட்காதே.' எட்டு வருஷம் ஊராருடைய நல்லது கெட்டது எல்லாம் அவர் கைவழியே போனது. ஒன்றையும் கேட்டதில்லை. கேட்டதில்லை என்றுதான் இன்றுவரை சொல்கிறார், நாமும் நம்புவோம். அப்புறம் எக்ஸ்சேஞ்சை மூடினார்கள். டெலிபோன் நம்பர் விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்ல உட்கார வைத்தார்கள். அந்த வேலையையும் ஒரு பதிவு செய்த குரல் வந்து பிடுங்கிக்கொண்டது. கடைசியில் இந்த ஆய்வு நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். கேட்காதே கேட்காதே என்று பழக்கிய காதை, தலை நரைத்த பிறகு கேள் என்று சொன்னார்கள். சும்மா இருக்குமா அது? கேட்டதையெல்லாம் குடித்து வைத்தது.

இரண்டு நிமிடத்தில் என்ன கேட்டுவிடும் என்று நினைப்பீர்கள். அவருக்கு அது போதும். குழாய் சொட்டுகிற சத்தத்தில் ஒரு முற்றம் கிடைத்துவிடும். ரம்பம் இழுபடும் சத்தத்தில் ஒரு தச்சன், அவனுக்கு ஒரு திண்டாட்டம். யாரோ தொட்டிலை ஆட்டிக்கொண்டே பதில் சொன்னால், அந்தக் கயிறு கிரீச்சிடுவதை வைத்து உத்தரம் எந்த உயரத்தில் இருக்கிறது என்றுகூட அவர் மனசு அளந்துவிடும். அப்படிக் கேட்ட வீடுகள் எல்லாம் அவருக்குள்ளே ஒரே தெருவில் வரிசையாக நின்றன. வளைந்து வளைந்து போகும் நீளமான தெரு. எப்போதும் மழை விட்ட பிற்பகல் போல ஒரு மங்கல் வெளிச்சம். பஸ்ஸில் கண்ணை மூடினால் போதும், அந்தத் தெருவில் நடக்க ஆரம்பித்துவிடுவார். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனது எத்தனை முறை என்று நடத்துநரைக் கேளுங்கள்.

மனைவி மருந்துக்கடையில் வேலை செய்கிறவர். நிஜ உலகத்தில் கால் ஊன்றி நிற்கிற பெண்.

"உடம்பு மட்டும் வீட்டுக்கு வந்துடுச்சு. மீதி இன்னைக்கு எந்த வீட்ல இருக்கு?" என்பார்.

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா."

"சாப்பாடாவது போட்டாங்களா? அதைச் சொல்லலாமா?"

"ரெண்டு நிமிஷத்துல என்ன போடுவாங்க?"

"அப்ப கையைக் கழுவிட்டு இங்கயே சாப்பிடுங்க."

கேள்வி கேட்கும் பெண்களின் பெயர் அவருக்குத் தெரியக் கூடாது, எண் மட்டும்தான். யார் மேலும் பிரியமோ கோபமோ வந்துவிடக் கூடாது என்று அந்த ஏற்பாடு. ஆனால் பிரியம் எண்ணைப் பார்த்தா வராமல் இருக்கும்? பதினேழாம் நம்பர் என்றால் அவருக்கு உயிர். காரணம், அவளுக்குக் காத்திருக்கத் தெரியும். மற்றவர்களுக்கு மௌனம் என்றால் நெருப்பை மிதித்த மாதிரி. பதில் சொல்ல வேண்டியவர் மூச்சை இழுப்பதற்குள் "ஆமாங்களா? இல்லைங்களா? ஆமான்னு போட்டுக்கவா?" என்று குதித்துவிடுவார்கள். பதினேழு கேட்பாள், கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். அந்தச் சும்மா இருப்பதில் ஒரு மரியாதை இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று கட்டம் உண்டு. "தெரியாதுங்கறதும் பதில்தாம்மா, அதைப் பிடுங்காதீங்க" என்று மேற்பார்வை அம்மா பயிற்சி வகுப்பில் தொண்டை கிழியச் சொல்வார். அது மண்டையில் ஏறியது பதினேழுக்கு மட்டும்தான். குரலை வைத்து அவளுக்கு ஒரு முகமும் செய்து வைத்திருந்தார் இவர்: இருபத்தைந்து வயது, மெல்லிய உடம்பு, நீளமான பின்னல்.

அன்றைக்கு மழை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் மயக்கம். ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிவதைப் பார்த்தபடியே அடுத்த பதிவைத் தட்டினார். பதினேழின் குரல். அந்த வீட்டிலும் மழை. தகரத்தில் விழுகிற மழை. அவருக்குள்ளிருந்த தெருவில் புதிதாக ஒரு தகரக் கூரை எழும்பத் தொடங்கியது.

"உங்க அம்மா பெத்த பிள்ளைங்க எத்தனை பேருங்க? இப்ப இருக்கறவங்க, இல்லாதவங்க, எல்லாரையும் சேத்துச் சொல்லுங்க. பேர் வேண்டாம், உறவு மட்டும் போதும்."

இந்தக் கேள்வி ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பிரசவத்தில் போகிறவர்களின் கணக்கு பல இடங்களில் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. போனவளைக் கேட்க முடியாது. அதனால் கூடப்பிறந்தவர்களைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவராக, இருக்கிறாரா, இல்லையா, இல்லையென்றால் எப்படிப் போனார் என்று.

பதில் உடனே வரவில்லை. ஒரு டம்ளரைத் தரையில் வைத்து மெல்லச் சுழற்றுகிற சத்தம் வந்தது. கரக். கொஞ்சம் நின்று, கரக். அப்புறம் ஒரு செருமல்.

அந்த டம்ளரை அவருக்குத் தெரியும். பேசப் பிடிக்காத பேச்சு வந்தால் அப்படித்தான் சுழற்றுவாள், அவருடைய பெரியக்கா.

தெரிந்த குரல் கேட்டால் அந்த நொடியே காதிலிருக்கும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மேற்பார்வை அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்ட விதி அது. கழற்றினாரா? இல்லை. இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"மூணு. மூத்தவ நான். எனக்கு அடுத்து ஒரு தங்கச்சி. கடைசியா ஒரு தம்பி."

"தங்கச்சி உயிரோட இருக்காங்களா?"

"இல்ல."

"எந்த வயசுல தவறினாங்க?"

"முப்பத்தெட்டு."

"அப்ப கர்ப்பமா இருந்தாங்களா, இல்ல பிரசவத்தப்பவா, இல்ல அதுக்கப்புறமா?"

"பிரசவத்துல. பிள்ளையும் போயிடுச்சு." கரக். "டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரில. அதை எழுத எடம் இருக்கா அதுல?"

"அதுக்குத் தனியா கேள்வி இருக்குங்க. பின்னாடி வரும். அங்க கண்டிப்பா எழுதிக்கறேன்."

"உம்."

"தம்பி உயிரோட இருக்காருங்களா?"

மழை. தகரத்தில் மழை. டம்ளர் ஒரு சுற்று. ஒரு மூச்சு. மறுபடி மழை. அதோடு பதிவு முடிந்தது. இரண்டு நிமிடம் ஆகிவிட்டது.

மறுபடி போட்டார். மறுபடியும். பதினோராவது முறை கேட்டபோது மௌனத்தை எண்ணிப் பார்த்தார்: ஒன்பது விநாடி. அந்த ஒன்பதுக்குள் எங்கேயாவது ஒரு சொல் ஒளிந்திருக்குமோ என்று ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டார். மழைதான் பெரிதாகக் கேட்டது.

அவருக்கு ஏன் இந்தப் பாடு என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. சின்னக்கா வெகுநாள் கழித்து உண்டாகியிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்றாள் பெரியக்கா. வண்டியில் ஒன்றரை மணி நேரம். இவர், பக்கத்தில் இருக்கிற பிரசவ ஆஸ்பத்திரி போதும் என்றார். போய்ப் பார்த்துவிட்டும் வந்திருந்தார். வாசலில் ஒரு பலகை, அதில் 'இன்று பணியில் உள்ள மருத்துவர்' என்று போட்டு, பக்கத்தில் சாக்பீஸில் ஒரு பெயர். உள்ளே வருகைப் பதிவேட்டில் தினமும் கையெழுத்து. "எல்லாம் எழுதி இருக்குக்கா, எல்லாத்துக்கும் பயந்துக்கிட்டே இருந்தா எப்படி?" என்று அக்காவின் வாயை அடைத்தார். அந்த டாக்டர் மூன்று மாதமாக வந்ததே இல்லை. பெயரை யாரும் அழிக்கவில்லை, அவ்வளவுதான். கையெழுத்தை யாரோ போட்டுக்கொண்டிருந்தார்கள். காலை பத்து மணியிலிருந்து மாலை மூன்று மணிவரை ஒரே ஒரு நர்ஸ் தனியாக அல்லாடினாள். வண்டி பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"போர்டைப் பாத்தியே, ஆளைப் பாத்தியா?" என்று கேட்டாள் பெரியக்கா, அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று. பிறகு காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்த இடத்தில், எல்லோரும் கேட்கச் சொன்னாள்: "எனக்கு இன்னொருத்தனும் கூடப் பொறந்தான். அவனும் அன்னைக்கே செத்துட்டான்."

இவர் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "போர்டுல எழுதி இருந்துச்சே, நான் என்ன பண்ணுவேன்?" என்றார். அதையே பன்னிரண்டு வருஷம் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காள் வீடு இரண்டு பஸ் தூரம்தான். ஒருநாளும் போனதில்லை. அவருடைய அந்த மங்கல் தெருவிலும், வெகு தூரத்தில், கடைசி வீடு ஒன்று இருக்கும். அதற்கு மட்டும் கதவு அமையவே அமையாது. அந்தப் பக்கம் நடக்காமல் திரும்பிவிடுவார்.

இப்போது அரசாங்க முத்திரை போட்ட படிவத்தில், அந்நியப் பெண் ஒருத்தி கேட்டாயிற்று, தம்பி உயிரோடு இருக்கிறானா என்று. அக்காள் என்ன சொன்னாள்? இருக்கிறான் என்றாளா, செத்துவிட்டான் என்றாளா? பதில் தரவுக் கிடங்கில் பூட்டிக் கிடந்தது. அதைத் திறக்க அவருக்கு உரிமை கிடையாது. ஆனால் ஒரு வழி இருந்தது. ஒரு பதிவுக்கு இரண்டு 'தவறு' விழுந்தால், வேறொரு பெண் அந்த வீட்டுக்குப் போய் அந்தப் பகுதியை மறுபடியும் கேட்பாள். இந்த முறை முழுதாகப் பதிவாகும். அந்தப் பதிவு இவர் காதுக்கே வரும்.

அவர் நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. நல்ல மனிதர்கள்தான் இப்படிப்பட்ட காரியத்தைச் சத்தமில்லாமல் செய்வார்கள். 'பதிலுக்குக் காத்திருந்தாரா?' தவறு. 'பதிலை எடுத்துக்கொடுக்காமல் இருந்தாரா?' தவறு. ஒன்பது விநாடி வாயைத் திறக்காமல் இருந்த ஒருத்திக்கு, காத்திருக்கவில்லை என்று போட்டார் அந்த மகாராஜா! போட்டுவிட்டு ஒரு டீ குடித்தார்.

நாலு நாள் அவர் தரையில் நடக்கவில்லை. பஸ்ஸில் கண்ணை மூடினால் தெரு அந்தக் கடைசி வீட்டை நோக்கியே இழுத்துக்கொண்டு போனது. தகரக் கூரை, மழை, தரையில் டம்ளர். "இருக்கான்" என்று அக்காள் சொல்வதாகக் கேட்டு விழித்துக்கொள்வார். அடுத்த நிறுத்தத்துக்குள் "செத்துட்டான்" என்று சொல்வாள். மனைவி சோற்றைப் போட்டுவிட்டு முகத்தையே பார்த்தார், கேலி செய்யவில்லை. "யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார். "அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார் இவர். மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை பதிவு வந்துவிட்டது. மறுவிசாரணை, பதினாலு நிமிடம். திரையில் ஒரு சின்னப் பச்சைப் பட்டையாக இருந்தது. ஹெட்போனைக் காதில் மாட்டினார். விரலைப் பட்டைக்கு மேலே கொண்டுபோனார். அப்போது கதவுக்கு வெளியே, பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இங்க கையெழுத்து போடணுங்களா?"

பதினேழு. காதில் எதை மாட்டியிருந்தாலும் அந்தக் குரல் அவருக்குக் கேட்கும். எட்டிப் பார்த்தார். இருபத்தைந்தும் இல்லை, பின்னலும் இல்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். பருத்த உடம்பு, ஒரு கால் வீங்கி, செருப்பின் வாரைத் தளர்த்தி விட்டிருந்தாள். பக்கத்தில் பெஞ்சுமேல் டேப்லெட், பை, மழைக்கோட்டு, எல்லாம் துடைத்து மடித்து அடுக்கியிருந்தது. திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள்.

மேற்பார்வை அம்மா எதிரில் நின்றிருந்தார். "மூணு மறுவிசாரணை ஆயிடுச்சும்மா. மூணு ஆனா வேலையை விட்டு நிறுத்தணும்னு விதி. நான் என்ன செய்யட்டும்?"

"மத்த ரெண்டும் என் தப்புதாங்க. ஒத்துக்கறேன். ஆனா இந்த வீட்ல நான் எதையும் எடுத்துக் குடுக்கலீங்க. அந்தம்மா ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க, நானும் பேசாமதான் இருந்தேன்." அவள் குரல் உயரவில்லை. "பதிவு இருக்கும்ல? கேக்கறவர் கேட்டிருப்பாருல்ல? அவருக்குத் தெரியுங்க."

அவருக்குத் தெரியுமாம். செருப்பால் அடித்திருந்தால்கூட மனிதர் தாங்கியிருப்பார்.

திரும்பிப் பச்சைப் பட்டையைப் பார்த்தார். பதினாலு நிமிடம். கேட்டுவிட்டுப் போய்ச் சொன்னால் என்ன என்று மனசு ஒரு பக்கம் இழுத்தது. யாருக்குத் தெரியப்போகிறது? பன்னிரண்டு வருஷத்துப் பசி ஐயா, லேசில் அடங்குமா? ஒரு முழு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம் உள்ள வரீங்களா?"

மேற்பார்வை அம்மா வந்தார். இவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கேட்கக் கேட்க அந்த அம்மாவின் முகம் சிவந்தது.

"தெரிஞ்ச குரல் கேட்டா கழட்டி வெச்சிட்டு வாங்கன்னு மொத நாளே கையெழுத்து வாங்கினேனா, இல்லையா?"

"வாங்கினீங்க."

"பாவம், ஒரு பொம்பளை வீங்கின காலோட வீடு வீடா அலையறா. அவ பொழைப்புல கை வெச்சிருக்கீங்க. அதுவும் நீங்க! நீங்க ஒருத்தர் சரியா கேப்பீங்கன்னுதானே நாங்க எல்லாம் நிம்மதியா இருக்கோம்."

"தப்புதாங்க."

அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தப்புன்னு போட்டதை எடுத்துட்டா மறுவிசாரணை செல்லாது. மொதல்ல சொன்ன பதில்தான் நிக்கும். இதைக் கேக்காமலே அழிக்கணும். தெரியும்ல?"

"தெரியும்."

"நீங்களே அழிங்க. இந்தக் கணக்கெடுப்புச் சுத்து முடியற வரைக்கும் அந்த நாற்காலில உக்கார வேண்டாம். ஃபைல் அடுக்குங்க."

அழித்தார். பச்சைப் பட்டை ஒருமுறை மினுங்கிவிட்டு மறைந்தது.

வெளியே போய், பெஞ்சுமேல் இருந்த டேப்லெட்டையும் பையையும் மழைக்கோட்டையும் எடுத்துப் பதினேழின் கையில் திருப்பிக் கொடுத்தார். "உங்க மேல தப்பு இல்லீங்க. தப்பா போட்டது நான்."

அவள் ஏறிட்டுப் பார்த்தாள். "நீங்கதான் காதா?"

"ஆமாங்க."

"ஒன்பது செகண்டு. நான் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருந்தேன்" என்றாள். அதில் கோபம் இருந்தது, இருக்க வேண்டியதுதான். பத்தாவது விநாடியில் அக்காள் சொன்ன பதில் அவளிடம் இருந்தது, அவர் முகத்துக்கு நேரே, ஒரு கை தூரத்தில். கேட்டிருந்தால் அவள் சொல்லியிருக்க மாட்டாள். இவரும் கேட்கவில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள், ஒரு காலைச் சற்று இழுத்தபடி.

அன்றைக்கு மத்தியானமே லீவு சொல்லிக் கிளம்பியவர் வழக்கமான பஸ்ஸில் ஏறவில்லை. அக்காள் வீட்டுப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினார். கண்ணை மூடவில்லை. இரண்டாவது பஸ்ஸிலிருந்து இறங்கி, வழி கேட்காமல் நடந்தார். பன்னிரண்டு வருஷமாக மனப்பாடமாக இருந்த வழிதானே. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. எங்கோ குழாய் சொட்டியது, எங்கோ ரம்பம் இழுபட்டது. இது எந்தத் தெரு, உள்ளே இருப்பதா வெளியே இருப்பதா என்று அவருக்கே ஒரு நிமிடம் குழம்பியது. கடைசி வீட்டில் கதவு இருந்தது. நீலப் பெயின்ட் உரிந்த சாதாரணக் கதவு. திறந்தே கிடந்தது.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. "யாரு?"

"நான்தான்க்கா."

பெரியக்கா எழுந்து வாசலுக்கு வந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. விரலில் நூல் சுற்றியிருந்தது. தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி நிதானமாக.

"எதுக்கு வந்தே?"

பஸ்ஸில் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கோ ஓடிப்போயிற்று. "உயிரோட இருக்கேன்னு சொல்லிட்டுப் போலாம்னு."

"அதான் நிக்கறியே, தெரியுது." வாசலைவிட்டு விலகிக்கொண்டு, "மழைல நிக்காத. உள்ள வா" என்றாள்.

டீ போட்டு இரண்டு டம்ளரில் கொண்டுவந்தாள். எதிரும் புதிருமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். தகரத்தில் மழை. அவள் டம்ளரைச் சுழற்றினாள். கரக்.

"வேடிக்கையைக் கேளு" என்றாள், அவரைப் பார்க்காமல். "கணக்கெடுக்கறேன்னு ஒருத்தி வந்தா. கூடப் பொறந்தவங்களைப் பத்திக் கேட்டா. தம்பி உயிரோட இருக்கானான்னு கேட்டா."

இவர் வாயைத் திறக்கவில்லை. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. அதையாவது காப்பாற்ற வேண்டும்.

"செத்துட்டான்னு வாய்வரைக்கும் வந்துச்சு. ஊரைக் கூட்டிச் சொன்னவதானே நான். வரல. சரி, இருக்கான்னு சொல்லுவோம்னு பாத்தேன். அதுவும் வரல. அந்தப் பொண்ணு நல்ல மாதிரி, அவசரப்படுத்தாம உக்காந்திருந்தா. தெரியாதுன்னு போட்டுக்கம்மான்னு சொல்லிட்டேன்."

"தெரியாதா?"

"ஆளைப் பாக்காம எப்படிடா சொல்றது? உன்னை மாதிரி போர்டைப் பாத்தா சொல்லச் சொல்றே?"

சுரீரென்று பட்டது. நாலு நாள் அல்லும் பகலும் இரண்டே கட்டத்துக்கு நடுவில் அல்லாடிய மனிதர். மூன்றாவதாக ஒரு கட்டம் இருப்பது, தினம் தினம் பார்க்கிற அந்தப் படிவத்திலேயே இருப்பது, அவருக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. பன்னிரண்டு வருஷம் எட்டிப் பார்க்காத தம்பிக்கு அதைவிடச் சரியான பதில் எது?

"அப்புறம் இன்னொருத்தி வந்தா, அதே கேள்வி. அதே பதிலைத்தான் சொல்லி அனுப்பினேன்" என்றாள் அக்காள்.

"அக்கா."

"என்ன?"

"தப்பு என்னோடதுக்கா. போர்டு மேல இல்ல. நான் உள்ள போய் ஆளைப் பாத்திருக்கணும். நீ சொன்னதைக் கேட்டிருக்கணும்." கண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

அக்காள் ஒன்றும் சொல்லவில்லை. முன்பெல்லாம் என்றால் இவர் உடனே எதையாவது சொல்லி அந்த இடத்தை நிரப்பியிருப்பார். இன்றைக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பது விநாடி போனது. அதற்குமேலும் போனது. அவர் எண்ணவில்லை.

டம்ளர் ஒருமுறை சுற்றி நின்றது.

"அன்னைக்குக் காலைல வண்டில ஏறும்போது சின்னவ உன்னைப் பத்தி ஒண்ணு சொன்னா. உன்கிட்டச் சொல்லவே கூடாதுன்னு இருந்தேன்" என்று ஆரம்பித்தாள் பெரியக்கா. மெதுவாக, நடுநடுவே நிறுத்தி, சிரிக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் சிரித்து, சொல்லிக்கொண்டே போனாள். இரண்டு நிமிடம் ஆனது. அவர் பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார். எதுவும் நின்றுவிடவில்லை. அக்காள் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.